பூட்டிய கணினிக்கு ஒரு புதுத் திரை

போன் செய்தவன் என்னிடம் படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். இப்போது லாரி, ஜல்லி, கரை வேட்டி எல்லாம் வந்துவிட்டது. கூடவே பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் பதவியும். "சார், நம்ம ஸ்கூல்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடந்துச்சாம்ல, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டான்.

அந்தப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அந்தக் கணினியை இயக்கப் பயிற்சி பெற்று வந்த ஒரே ஆளும் நான். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

ஆண்டு விழாவுக்காகப் பழைய ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது இரும்புப் பீரோவுக்குள் அது கிடைத்ததாம். ஒரு பெரிய புது மானிட்டரில் மாட்டி மேடையில் ஓடவிட வேண்டுமாம். அதைக் கொண்டுவந்த அந்தக் காலத் தலைமையாசிரியர் இன்னும் இருக்கிறார், பரமக்குடியில் மகன் வீட்டில். அவரை அழைத்து வந்து முதல் பொத்தானை அமுக்க வைக்கப் போகிறார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. அதில் அவருக்கு 'கணினிக் கல்வியின் முன்னோடி' என்று பட்டம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சந்தோஷப்படுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த முன்னோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் டெல்லியிலிருந்து ஏதோ ஒரு திட்டத்தில் அந்தக் கணினி எங்களுக்கு வந்தது. வெளிநாட்டில் வீடுகளில் பிள்ளைகள் தட்டிப் பழகுவதற்கென்று செய்த சாமான். தனிப் பெட்டியெல்லாம் கிடையாது. தடித்த விசைப்பலகை ஒன்று, அதுவேதான் கணினி. வீட்டு டிவியில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்களுக்கு ஒரு சின்ன டிவியும் சேர்த்துக் கொடுத்தார்கள். என்னை மதுரைக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பத்து வரியில் ஒரு ப்ரோகிராம் எழுதி, அது பெருக்கல் வாய்ப்பாட்டைத் திரையில் கடகடவென்று ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டிப் போய் எப்படிக் காட்டுவது என்று மனதுக்குள் அட்டவணை போட்டுக்கொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால் கணினிக்கு மாலை போட்டிருந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையில் விட்டார் தலைமையாசிரியர். கோயிலில் நகர்வது போல நகர்ந்து, எட்டிப் பார்த்துப் போனார்கள். அந்த வாரமே ஆசாரியை வரவழைத்து ஒரு மரப்பெட்டி செய்தார். கணினி பெட்டிக்குள் போனது, பூட்டு தொங்கியது. சாவி அவருடைய மேசை டிராயரில், டிராயர் சாவி அவருடைய சட்டைப் பையில். அந்தச் சின்ன டிவி ஒரு கிரிக்கெட் சீசனில் அவர் வீட்டுக்குப் போனது போனதுதான்.

இன்ஸ்பெக்ஷன் வரும்போது மட்டும் பெட்டி திறக்கும். வீட்டிலிருந்து டிவியும் அன்றைக்கு ஒரு நாள் வரும். அதிகாரியின் பெயரைத் திரை முழுக்க அடுக்கடுக்காக ஓடவிடச் சொல்வார். நானும் இரண்டு வரி எழுதி ஓடவிடுவேன். அதிகாரி வாயைப் பிளப்பார். டீ, வடை வரும். அப்புறம் மறுபடி பூட்டு.

கேட்காமல் இல்லை, கேட்டேன். ஒருமுறை கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "கெட்டுப்போனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல யாரு கையெழுத்து? என் கையெழுத்து. பிள்ளைக தொட்டு ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல வாத்தியாரே" என்றார். சுற்றுப்பட்டு ஊர்களில் மழை பார்த்து விதைத்து, மிளகாய் போட்டுப் பிழைக்கிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றும் கிழிக்கப் போவதில்லை என்று சொன்னவருக்குத்தான் இப்போது ஃப்ளெக்ஸ்.

சரி என்று போனேன். ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கினால் பள்ளிக்கூடம். செயலாளர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். மேசை மேல் கணினி. வெள்ளையாக இருந்தது பழுத்து, டீ கொட்டிய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் கையை விரித்தால் எட்டும் அகலத்தில் புது மானிட்டர். அதன் முகத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம்.

கையில் ஒரு எச்டிஎம்ஐ வயரை வைத்துக்கொண்டு கணினியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓட்டையே இல்ல சார் இதுல" என்றான். அந்தக் கணினி செய்த காலத்தில் அந்த வயர் யார் கனவிலும் வந்திருக்காது என்று சொன்னேன். "அப்ப அந்தக் காலத்து வயர வாங்கிருவோம்" என்றான். அதுவும் இதில் நுழையாது என்று மானிட்டரைக் காட்டினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பாஷை தெரியாதவை, நடுவில் ஒருவர் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அதற்குள் போன் வந்து வெளியே போய்விட்டான்.

நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஏரியல் வயர் மாட்டும் துளை இருந்தது, ஆனால் புது மானிட்டரில் ஏரியலுக்கு இடமே கிடையாது. இன்னொரு துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. குச்சியால் சுரண்டியதும் உள்ளேயிருந்து ஒரு வட்டமான பின் தெரிந்தது. வயரைச் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும் வகை. எங்கோ பார்த்த பின்னாக இருக்கிறதே என்று தலையைத் தூக்கினேன். வராந்தா மூலையில் சிசிடிவி கேமரா தொங்கியது. அதன் வயர் முனையிலும் அதே பின்தான்.

கேமராவைப் பராமரிப்பது யார் என்று விசாரித்தேன். சாயல்குடியில் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என்றார்கள். போன் போட்டதும் அரை மணியில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பழைய காலேஜ் பை, அதற்குள் டெஸ்டர், சால்டரிங் அயன், வயர் துண்டுகள். கணினியைப் பார்த்ததும் பையை மேசையில் வைத்தாள். தலைகீழாகத் திருப்பி, திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். கரண்ட் வரும் பகுதியில் விரல் நுனி அளவுக்கு இரண்டு கெப்பாசிட்டர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"இத இப்படியே போட்டா பொகஞ்சிரும் சார். மாத்திட்டுத்தான் போடணும். வண்டில இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று போனாள்.

அந்த நேரம் பார்த்து செயலாளர் போன் பேசி முடித்து உள்ளே வந்தான். மூடி திறந்திருப்பதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று முடிவு செய்தான். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ப்ளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டுவிட்டான். பீப் என்று ஒரு சத்தம் வந்தது. "பாத்தீங்களா, உசுரு இருக்கு சார்" என்றான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பட்டென்று வெடித்து, கருவாடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகியது போல ஒரு நாற்றத்தோடு புகை கிளம்பியது. முதலில் வெளியே ஓடியவன் அவன். கரை வேட்டி கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொள்ள, இழுத்துக் கிழித்துக்கொண்டு ஓடினான். மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு "ஃபயர் சர்வீஸ், ஃபயர் சர்வீஸ்" என்று போனில் நம்பர் தேடினான்.

அந்தப் பெண் வந்தாள். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சுவிட்சை அணைத்தாள், ப்ளக்கைப் பிடுங்கினாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

கெப்பாசிட்டர் அவளிடம் இல்லை. ராமநாதபுரத்தில் சொல்லி வரவழைத்து, இரண்டு நாள் கழித்து மாற்றினாள். கணினிக்கு வேறு சேதம் இல்லை. குளவி மண்ணை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள். பச்சை பூத்திருந்த பின்னைப் பளபளப்பாகும் வரை தேய்த்தாள். கடல் காத்து பட்டால் எல்லாப் பின்னும் இந்தக் கதிதான், மாசத்துக்கு நாலு கேமராவுக்கு இதைத்தான் செய்கிறேன் என்றாள். கேமரா வயர் ஒன்றைக் கணினியில் திருகினாள். மறுமுனையைத் தீப்பெட்டி அளவு கன்வர்ட்டர் டப்பாவில் செருகினாள். அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் மானிட்டருக்குப் போனது. சுவிட்சைப் போட்டோம். பீப். மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

அவ்வளவு பெரிய திரை, அவ்வளவு விலை, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் தெரிந்தது. அவள் வயரைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடி 'சிக்னல் இல்லை'. கன்வர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. அதை நகத்தால் தள்ளினாள். திரை ஒருமுறை கறுத்தது. கோடு கோடாக ஓடி, உருண்டு, நடுங்கி, நின்றது. கறுப்பில் வெள்ளை எழுத்து. கணினியின் பெயர், முப்பத்திரண்டு கிலோபைட் நினைவகம் என்று ஒரு வரி, கீழே ஒரு அம்புக்குறி, அதன் பக்கத்தில் மினுக்கும் சின்னக் கோடு.

"முப்பத்திரண்டு கேபியா? ஒரு போட்டோகூட நிக்காதே சார்" என்றாள்.

நிற்காது, ஆனால் சொன்னதைச் செய்யும் என்றேன். உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மூன்று வரி அடித்தேன். விரல்களுக்கு மறக்கவில்லை. எண்கள் அந்த அகலத் திரையில் பூசணிக்காய் பூசணிக்காயாக இறங்கின. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வரியை மாற்றினால் என்ன ஆகும், இந்த எண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கேட்டு மாற்றிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்து, எண்களைச் சாய்வாக இறங்க வைத்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"நானும் இங்கனதான் சார் படிச்சேன். நீங்க எங்க வகுப்புக்கு வரல. ப்ளஸ் டூ வரைக்கும் இருந்தேன். இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே எங்க யாருக்கும் தெரியாது."

தலைமையாசிரியர் பூட்டி வைத்த கதையை நான் ஆரம்பித்தேன். எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. எந்த இடத்தில் கேட்பவர் சிரிப்பார், எந்த இடத்தில் உச்சுக்கொட்டுவார் என்பது எனக்கு மனப்பாடம். அவள் சிரிக்கவுமில்லை, உச்சுக்கொட்டவுமில்லை.

"அவரு போன பெறகு சாவி யாருகிட்ட சார் இருந்துச்சு?"

இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. என்னிடம்தான் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று சாவியை என் கையில்தான் கொடுத்தார். அடுத்த தலைமையாசிரியர், சாவி என்னிடம் இருப்பது தெரியாமல், பெட்டியை உடைத்துக் கணினியைப் பீரோவுக்கு மாற்றியது இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடம் சாவி என் வீட்டு அலமாரியில் கிடந்தது. புதியவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை. பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓட வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். அதை நானே நம்பியதில்லை. அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் அந்த வேலை போய்விடும். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிய நேரத்தில், என் வீட்டு டிவியைத் தூக்கிப் போயாவது நாலு வகுப்புக்கு அந்தக் கணினியைக் காட்டியிருக்கலாம்.

"எங்கிட்டதான்" என்றேன்.

"ஒரு நாகூடத் தொறக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. தொறக்கல."

அவள் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள். அந்த வருடங்களில்தான் அவள் எங்கள் பள்ளியில் ஆறோ ஏழோ படித்திருக்க வேண்டும். கணக்குப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

செயலாளர் மாலையில் வந்து பார்த்தான். "இவ்வளவுதானா? கலர் இல்லையா?" என்றான். இந்த வயர் வழியாகக் கறுப்பு வெள்ளைதான் வரும் என்று அவள் சொன்னாள். அவன் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் தேடித் தேடித் தன் பெயரை அடித்தான். இனிஷியலோடு. என்டரைத் தட்டினான். தனக்குப் புரியாத எதை அடித்தாலும் அந்தக் கணினி ஒரே பதில்தான் சொல்லும். அடுத்த வரியில் 'பிழை' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. அவன் மறுபடி அடித்தான். மறுபடி பிழை. ஒரு எந்திரம் ஒரு மனிதனை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாளே திட்டத்தை மாற்றிவிட்டான். மேசைக்கு அடியில் ஒரு லேப்டாப். மானிட்டருக்கு வயர் அதிலிருந்து போகும். கணினி மேலே சும்மா இருக்கும். முன்னோடி பொத்தானை அமுக்கியதும் கீழே இருக்கும் ஆள் லேப்டாப்பைத் தட்டுவான், ராக்கெட் கிளம்பும், பூ விரியும், நடுவில் முன்னோடியின் படம் வரும். வயர் இழுக்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டான்.

"அதுதான் ஓடுதே. ஓடுறத நிறுத்திட்டுப் பொய்ய ஓட்டுறதுக்கு நான் வயர் இழுக்க மாட்டேன்" என்றாள். தன் கன்வர்ட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். நானும் அப்போதே ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டையை இஸ்திரிக்குப் போட்டேன்.

விழா அன்று மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. பக்கத்தில் முன்னோடி. கை நடுங்கிற்று, காதில் மெஷின். நான் வெறுத்த ஆள் உயரமாக இருப்பார். இந்த மனிதர் சட்டைக்குள் தொலைந்து போயிருந்தார். அவரைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பொத்தானை அமுக்க வைத்தார்கள். ராக்கெட் அவர் விரல் படுவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. கூட்டம் கை தட்டியது. அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் கணினியில் கை வைக்க வேண்டும் என்று கனவு கண்டவர் என்று செயலாளர் மைக்கில் வாசித்தான். அவர் கும்பிட்டார். அடுத்து என் பெயர். அந்தக் கனவுக்குத் தோள் கொடுத்த ஆசிரியர் என்றார்கள். மைக் என் எதிரில்தான் இருந்தது. பொன்னாடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் பக்கம் சாய்ந்தார். "வாத்தியாரே, இது என்ன மெஷினு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னை ஞாபகம் இருந்தது. கணினி, பூட்டு, சாவி, மாலை எதுவுமே ஞாபகம் இல்லை. நான் இத்தனை வருடம் மனதுக்குள் வழக்கு நடத்திய ஆளுக்கு அப்படி ஒரு வழக்கே தெரியாது. கணினி என்று அவர் காதில் சொன்னேன். "ஓ, நல்ல சாமான்" என்று தலையாட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றோடு அவரைத் திட்டுவதில் ருசி போய்விட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போய் இப்போதைய தலைமையாசிரியையைப் பார்த்தேன். அந்தக் கணினியை மறுபடி பீரோவில் வைக்காமல் வெளியே வைக்க முடியுமா என்று கேட்டேன். கடிதம் கேட்பார், மேலிடம் என்பார், ஸ்டாக் ரிஜிஸ்டர் என்பார் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தச் சன்னல் பக்கம் மேசை காலியா கெடக்கு, வச்சுக்கங்க சார்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாயல்குடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். விழாவுக்குப் போனீர்களா, பொன்னாடை வாங்கினீர்களா என்று கேட்டாள். வாங்கினேன் என்றேன். எதிரில் இருந்த கேமராவைத் துடைத்து முடித்தாள். அப்புறம் கன்வர்ட்டரை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பழைய சின்ன மானிட்டர் ஒன்றும் அவள் கடையில் சும்மா கிடந்தது. அதில் மாட்டியபோது எழுத்து நடுங்கவேயில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் போகிறேன். பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். கேம் இருக்கா, நெட் வருமா என்று கேட்டுவிட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும். தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் மூன்று பேரோ நாலு பேரோ, வரிகளை மாற்றிப் போட்டுச் சண்டை பிடித்துக்கொள்கிறார்கள். சில வியாழன் ஒருவரும் வருவதில்லை. அன்றைக்கு நானே உட்கார்ந்து பகா எண்களை ஆயிரம் வரைக்கும் ஓடவிட்டுப் பார்க்கிறேன். மெதுவாகத்தான் வரும். பஸ்ஸுக்கு நேரமானதும் அணைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.